100 பாத்துக்குள் ஒரு வேளை: பாங்காக் ஃபுட் கோர்ட்டில் சாப்பிடும் முறை

பாங்காக்கில் மலிவாகச் சாப்பிட வேண்டுமென்றால் தெருவோர வண்டிதான் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் முதல் நாள் தெருவுக்குக் கூட்டிப்போவதில்லை, மாலுக்குத்தான் கூட்டிப்போவேன். ஏசி இருக்கும், உட்கார இடம் இருக்கும், ஒவ்வொரு கடை மேலும் படத்தோடு விலை போட்டிருக்கும். விலையும் தெருக்கடையை ஒட்டித்தான். நான் அடிக்கடி போவது அசோக்கில் இருக்கும் டெர்மினல் 21 மாலின் 5-ஆம் மாடி, பியர் 21 என்ற ஃபுட் கோர்ட். அசோக் ஸ்கைட்ரெயின் நிலையத்திலிருந்து வெயில் படாமல் நேராக உள்ளே போய்விடலாம்.

முதலில் கடைக்குப் போகாதீர்கள். அங்கே கையில் காசு வாங்க மாட்டார்கள். நுழைவில் ஒரு கவுண்டர் இருக்கும். காசைக் கொடுத்தால் அவ்வளவு தொகை ஏற்றிய கார்டு ஒன்று தருவார்கள். ஒரு ஆளுக்கு 100 பாத் (பாத் என்பது தாய்லாந்துப் பணம்), சாப்பாட்டோடு ஜூஸும் இனிப்பும் வேண்டுமென்றால் 200. மிச்சத்தைப் போகும்போது அதே கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். குடும்பமாகப் போனால் ஆளுக்கொரு கார்டு வாங்கிக்கொள்வது நல்லது. ஒரே கார்டை வைத்துக்கொண்டு அஞ்சு பேர் அஞ்சு வரிசையில் நிற்க முடியாது. பகல் 12 மணியிலிருந்து 1 மணி வரை ஆபீஸ் கூட்டம் மொய்க்கும், அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

கார்டு கைக்கு வந்ததும் ஒரு சுற்று நடந்து பாருங்கள். கடையைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஒரே கணக்குதான்: பலகையில் படம் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ, அவ்வளவு நல்ல கடை. கண்ணாடிக்குப் பின்னால் வெந்த கோழி வரிசையாகத் தொங்குகிறது, ஒருவர் கத்தியால் வெட்டிக்கொண்டே இருக்கிறார், வேறு எதுவும் விற்கவில்லை என்றால் அது ‘காவ் மன் கை’ கடை. கோழி வெந்த தண்ணீரிலும் கொழுப்பிலும் வேகவைத்த சோறு, மேலே கோழித் துண்டுகள், இஞ்சியும் பச்சை மிளகாயும் போட்ட சோயா சாஸ், பக்கத்தில் ஒரு கிண்ணம் தெளிந்த சூப். காரம் ஆகாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கிக் கொடுக்கலாம்.

காரம் வேண்டுமா, ‘பத் கப்ராவ்’. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது பத் தாய் நூடுல்ஸ்தான். மோசமில்லை, ஆனால் இனிக்கும், நம் நாக்குக்குச் சீக்கிரம் சலித்துவிடும். கப்ராவ் அப்படியில்லை. இடித்த பூண்டும் மிளகாயும் காய்ந்த எண்ணெயில் விழும்போதே வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் இருமல் வந்துவிடும். அப்புறம் கொத்திய கோழி, மீன் சாஸ், சிப்பி சாஸ், கொஞ்சம் சர்க்கரை. அடுப்பை அணைக்கிற நேரத்தில் ஒரு கை நிறைய இலை. அந்த இலை நம் துளசிதான். பெருமாள் கோயிலில் தீர்த்தத்தோடு வாங்கிய இலை கோழியோடு சோற்றின் மேல் வருவதைப் பார்த்து என் சித்தப்பா சற்று நேரம் பேசவே இல்லை, அப்புறம் இன்னொரு தட்டு கேட்டார். ‘காய் தாவ்’ என்று சேர்த்துச் சொன்னால், ஓரம் முறுகலாகப் பொரித்த முட்டை ஒன்று மேலே வரும். கொஞ்சம் கூடுதல் காசு, ஆனால் அது இல்லாமல் சாப்பிடாதீர்கள். காரம் குறைய வேண்டுமென்றால் ‘பெத் நித் நோய்’, காரமே வேண்டாம் என்றால் ‘மை பெத்’. நமக்கென்ன காரம் புதுசா என்று நினைக்க வேண்டாம். இது மசாலாக் காரம் இல்லை, பச்சைக் காரம், நேராகக் காதில் ஏறும்.

இனி சைவக்காரர்கள். இங்கேதான் கவனம் வேண்டும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் இறைச்சித் துண்டை மட்டும்தான் எடுப்பார்கள், மீன் சாஸ் அப்படியே இருக்கும். தட்டில் ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் பச்சை, சிவப்புக் குழம்புகளைத் தொடவே வேண்டாம். அரைத்த விழுதிலேயே இறால் சேர்ந்திருக்கும், பிறகு யாராலும் அதைப் பிரிக்க முடியாது. பப்பாளிக் காய் சாலட் ‘சோம் தம்’ பார்க்கச் சைவம் போல இருக்கும், ஆனால் காய்ந்த இறாலும் மீன் சாஸும் உள்ளே உண்டு. நீங்கள் தேட வேண்டியது ‘ஜே’ கடை. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து, தூரத்திலிருந்தே தெரியும். ஜே என்றால் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை. பூண்டு, வெங்காயம்கூட இல்லை. என் பெரியம்மா ஏகாதசி அன்றுகூட அங்கே சாப்பிட யோசிக்க மாட்டார். ஒரு எச்சரிக்கை: வாத்துக்கறி மாதிரியே தோலும் சதையுமாக ஏதாவது தட்டில் வரும். பதற வேண்டாம், சோயாவும் கோதுமையும்தான். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஒன்பது நாள் ஜே திருவிழா நடக்கும். அப்போது ஊரெங்கும் மஞ்சள் கொடி பறக்கும், சைவத்துக்குப் பஞ்சமே இல்லை.

தட்டை வாங்கியாயிற்றா, கரண்டி எடுக்கிற இடத்துக்குப் போங்கள். பல ஃபுட் கோர்ட்டுகளில் பக்கத்தில் கொதிக்கும் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கும். கரண்டியை அதில் முக்கி எடுத்துக்கொள்ளலாம். வலது கையில் கரண்டி, இடது கையில் முள்கரண்டி. முள்ளால் தள்ளிக் கரண்டியால் சாப்பிட வேண்டும். சாப்ஸ்டிக் குச்சியெல்லாம் நூடுல்ஸுக்கு மட்டும்தான். ஒட்டரிசிச் சோறு வாங்கினால் நமக்குக் கொண்டாட்டம், அதைக் கையால்தான் உருட்டிச் சாப்பிட வேண்டும்.

நூடுல்ஸ் கடையில் நாலு சின்னப் பாத்திரங்கள் வைத்திருப்பார்கள்: மிளகாய்த் தூள், சர்க்கரை, மிளகாய் ஊறிய வினிகர், மீன் சாஸ். கடைக்காரர் சூப்பை வேண்டுமென்றே மிதமாகத்தான் தருவார், மிச்சம் உங்கள் வேலை. முதலில் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், பிறகு வினிகர் அரைக் கரண்டி, மிளகாய்த் தூள் ஒரு சிட்டிகை. சூப்பில் சர்க்கரையா என்று முகம் சுளிக்காமல் கால் கரண்டி போட்டுப் பாருங்கள், புளிப்பு அடங்கும். டாம் யம் சூப் வாங்கினால் அதில் மிதக்கிற எலுமிச்சைப்புல் தண்டு, அரத்தைத் துண்டு, தடித்த இலை மூன்றையும் மெல்ல வேண்டாம். நம் ரசத்துக் கறிவேப்பிலை போல ஓரமாக ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

அளவு சின்னது, ஒரு தட்டு நம் ஆட்களுக்குப் பத்தாது. இரண்டு பேர் போனால் மூன்று தட்டு வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். கோடைக்காலமென்றால் கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும் மாம்பழமும். மற்ற மாதங்களில் மாம்பழம் சுமார்தான், விலையும் ஏறியிருக்கும், விட்டுவிடலாம்.

ஊர் திரும்பும் அன்றைக்கும் இதே வித்தை செல்லும். சுவர்ணபூமி விமான நிலையத்தில் 1-ஆம் மாடியில், 8-ஆம் வாசல் பக்கம், ஊழியர்கள் சாப்பிடுகிற மேஜிக் ஃபுட் பாயிண்ட் இருக்கிறது. மேல்மாடிக் கடைகளில் ஒரு காபிக்குக் கேட்கிற காசில் அங்கே ஒரு தட்டுச் சோறு கிடைக்கும். செக்-இன் முடித்து உள்ளே போய்விட்டால் திரும்ப வர முடியாது, அதனால் அதற்கு முன்னாலேயே சாப்பிட்டுவிடுங்கள்.