வளைகுடா வேலைக்குப் பணம் கட்டும் முன்

வளைகுடா நாடுகளில் வேலை தேடுபவர்கள், சம்பளத்தை விசாரிப்பதற்கு முன், தங்களை அனுப்பி வைப்பதாகச் சொல்லும் முகவரைப் பற்றி விசாரிக்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் மத்திய அரசின் பதிவுச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அப்படிப் பதிவு பெற்றவர்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைகிரேட் (eMigrate) இணையதளத்தில் உள்ளது. அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழை யாரும் அச்சடித்துக்கொள்ளலாம் என்பதால், அதிலுள்ள எண்ணை அந்தத் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லி ஊர் ஊராக ஆள் சேர்க்கும் துணை முகவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. அவர் உறவினராகவே இருந்தாலும் இதில் தாட்சண்யம் பார்க்கக் கூடாது.

முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி. வரியும்தான். அதை வங்கி வழியாகச் செலுத்தி, ரசீது பெறுவது நல்லது.

பலரைச் சிக்கவைக்கும் தவறு, சுற்றுலா விசாவில் புறப்படுவது. “போய் இறங்கியதும் மாற்றிக்கொள்ளலாம்” என்ற பேச்சை நம்பிச் செல்பவருக்கு, சம்பளம் வராதபோது முறையிடுவதற்கு உரிய ஒப்பந்தமே கையில் இருக்காது. பத்தாம் வகுப்பு தேறாததால் கடவுச்சீட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை (Emigration Check Required) என்ற குறிப்பு உள்ளவர்கள், சவுதி அரேபியா, குவைத் போன்ற நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அந்த அனுமதியைக் கட்டாயம் பெற வேண்டும். ஒப்பந்தத்தில் வேலையின் பெயர், அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், திரும்பி வரும் பயணச் செலவு ஆகியவை எழுதப்பட்டுள்ளனவா என்று பார்த்துவிட்டு, கையெழுத்திட்ட நகல் ஒன்றை வீட்டில் கொடுத்துச் செல்லுங்கள்.