லூப் கெட்டால் ராடின் நுனியைப் பாருங்கள்

ஃப்ளை ஃபிஷிங்கில் மீனுக்கு வீசும் ஃப்ளைக்கு, அதாவது பூச்சி போலக் கட்டிய கொக்கிக்கு, எடை இல்லை என்றே சொல்லலாம். அதைச் சுமந்து போவது லைன், அதாவது கனமான தூண்டில் கயிறு. லைனோ ராடின் (தூண்டில் கோலின்) நுனி போன வழியிலேதான் போகும். நுனி நேர்கோட்டில் ஓடிச் சட்டென்று நின்றால் லூப், அதாவது காற்றில் லைன் மடங்கி உருளும் வளைவு, ஒடுங்கி, கூர்மையாக வரும்.

பழகுவதற்குப் புல்தரை போதும். 9 அடி, 5 வெயிட் ராட் (வெயிட் என்பது எந்தக் கனத்து லைனுக்கானது என்று சொல்லும் எண்). நுனிக்கு வெளியே 30 அடி லைன். லைன் முனையில் 9 அடி லீடர், அதாவது மெல்லிய நரம்பு. கொக்கிக்குப் பதில் கம்பளி நூல் துணுக்கு. தொடங்கும்போது நுனி தரையோடு இருக்கட்டும், லைனில் தொய்வு வேண்டாம். தொய்வை இழுத்து முடிப்பதற்குள் பாதி வீச்சு வீணாகிவிடும்.

லூப் அகலமாகத் திறந்தால், நுனி வானவில் போல வளைந்து போயிருக்கிறது. பெரும்பாலும் மணிக்கட்டு செய்யும் வேலை: பின்வீச்சில் அது மடிந்து, நுனி தரையை நோக்கிச் சரிகிறது. ராடின் அடிமுனையை முழுக்கைச் சட்டையின் கைக்குள் செருகிக்கொண்டு பத்து முறை வீசுங்கள். மடக்க நினைத்தாலும் சட்டை விடாது.

டெய்லிங் லூப்தான் உண்மையான தலைவலி. லூப்பின் மேல்பக்க லைன் கீழே இறங்கிக் கீழ்ப்பக்க லைனோடு பின்னிக்கொள்ளும். லீடரில் முடிச்சு விழும். பழி காற்றின் மேல் போகும், ஆனால் குற்றவாளி கைதான். நடுவில் திடீரென்று பலம் கொடுத்தால் ராட் அதிகமாக வளைந்து, நுனி குழிவாக இறங்கி ஏறுகிறது. இன்னும் ஐந்தடி தூரம் போகட்டும் என்று ஆசைப்படும்போதுதான் இது அதிகம் நடக்கும். மெதுவாகத் தொடங்கி, வேகத்தைச் சீராக ஏற்றி, நிறுத்தும் கணத்தில் மட்டும் பிடியை இறுக்குங்கள்.

அப்படியும் தீரவில்லையா? பின்வீச்சு முடிந்து காத்திருக்கும் நேரத்தில் கை தானாக முன்னே ஊர்கிறதா என்று பாருங்கள். ஊர்ந்தால் முன்வீச்சுக்கு இடம் குறையும். லைனை நீட்டியபோது வீச்சையும் நீட்டாமல் விட்டால் விளைவு அதேதான். லீடரை அவ்வப்போது விரலிடுக்கில் உருவிப் பாருங்கள். முடிச்சு தட்டுப்பட்டால் அந்தத் துண்டை வெட்டி மாற்றுங்கள். அந்த இடத்தில் நரம்பின் பலம் வெகுவாகக் குறைந்திருக்கும்.

பின்னால் சாட்டை போலச் சொடுக்கும் சத்தம் கேட்டால் அவசரப்பட்டிருக்கிறீர்கள். லைன் புல்லில் விழுந்தால் தாமதம். தலையைத் திருப்பிப் பார்த்து, லைன் முழுதும் நீளப் போகும் தறுவாயில் முன்வீச்சைத் தொடங்குங்கள். லைன் நீள நீளக் காத்திருப்பும் நீளும்.

எது தவறு என்று பிடிபடாவிட்டால் ராடை இடுப்பு உயரத்தில் படுக்கைவாட்டில் பிடித்து வீசுங்கள். நுனி போகும் வழியும் லூப்பும் கண்ணெதிரே ஒன்றாகத் தெரியும்.