முன்கதைப் படங்களை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த கோடை விடுமுறையில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டில், ஜார்ஜ் லூகாஸ் உருவாக்கிய ஸ்டார் வார்ஸ் விண்வெளிக் கதை வரிசையின் முதல் ஆறு படங்களையும் என் அக்காள் மகனுடன் அமர்ந்து பார்த்தேன். 1977, 1980, 1983 ஆகிய ஆண்டுகளில் வந்த பழைய மூன்று படங்களை வீடியோ கேசட்டில் பார்த்து வளர்ந்தவன் நான். அவனோ 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் வந்த, பழைய கதைக்கு முன் நடந்ததைச் சொல்லும் முன்கதைப் படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுப் பிறகே பழையவற்றுக்கு வந்தவன். 1999-ஆம் ஆண்டுப் படம் ஓடிக்கொண்டிருந்தபோது நான் இடைவிடாமல் குறை சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுச் சலித்து, "மாமா, நீங்க படத்தைப் பார்க்கறீங்களா, இல்ல உங்க ஞாபகத்தோட சண்டை போடறீங்களா?" என்று கேட்டான்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. ரசிகர்கள் செய்யும் முதல் தவறு அதுதான். பழைய படம் முடிந்து புதிய படம் வரும் வரை பதினாறு ஆண்டுகள் கடந்திருந்தன. அந்த ஆண்டுகளில் மனத்துக்குள் வளர்ந்த படம் ஒன்று. திரையில் வந்த படம் வேறொன்று. பன்னிரண்டு வயதில் அடைந்த வியப்பை முப்பது வயதில் எந்தப் படமும் திருப்பித் தர இயலாது. தரவில்லை என்று அதன்மேல் குற்றம் சுமத்துவதும் முறையாகாது. பழைய படம் ஒன்றை இன்று மறுபடி பார்த்து, அதே கண்ணோடு அடுத்த நாளே முன்கதையைப் பார்ப்பதுதான் இதற்கு நான் கண்ட மாற்று.

இரண்டாவது தவறு இதைவிட ஆழமானது. "முன்கதையின் நாயகன் அனகின்தான் பழைய படங்களின் வில்லன் டார்த் வேடராக மாறுவான் என்பது தெரிந்த கதைதானே, பிறகு எதற்கு மூன்று படங்கள்?" என்ற கேள்வியை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால், எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்த எவரும் இந்தக் கேள்வியைக் கேட்கலாகாது என்று இப்போது நினைக்கிறேன். கர்ண மோட்சம் பார்க்க உட்காரும் கிழவிக்குக் கர்ணன் சாவான் என்பது தெரியும். தெரிந்திருப்பதால்தான், மனைவி பொன்னுருவியிடம் அவன் விடைபெறும் காட்சியில் அவளுக்குக் கண்ணீர் வருகிறது. 'என்ன நடக்கும்' என்ற ஆவல் இல்லாத இடத்தில் 'எப்படி நடக்கிறது, ஏன் தடுக்க முடியவில்லை' என்ற கேள்வி எழுகிறது; முன்கதை என்ற வடிவத்தின் வலிமை முழுவதும் அந்தக் கேள்வியில்தான் உள்ளது. ஆகவே, முடிவு தெரிந்திருப்பதைக் குறையாகச் சொல்லாமல், அந்த முடிவை நோக்கிய பாதை நம்பும்படி அமைந்திருக்கிறதா என்றே பார்க்க வேண்டும்.

இப்படிப் பார்த்தால் இந்தப் படங்களின் உண்மையான பலவீனம் வேறோர் இடத்தில் இருப்பது தெரிகிறது. 2002-ஆம் ஆண்டுப் படத்தில் அனகினும் பத்மேயும் காதலிக்கிறார்கள் என்று வசனங்கள் சொல்கின்றனவே தவிர, காட்சிகள் அதை உணர்த்தவில்லை. 2005-ஆம் ஆண்டுப் படத்தில், குடியரசின் தலைவர் பால்பட்டீனைக் கைது செய்யச் சொன்ன அனகினே சற்று நேரத்தில் அவன் காலடியில் மண்டியிட்டு, அன்றிரவே தன் ஜெடாய் வீரர் குழுவில் பயிலும் குழந்தைகளைக் கொல்லவும் துணிகிறான். வீழ்ச்சிக்கான காரணம் படத்தில் இருக்கிறது: மனைவி பத்மே இறந்துவிடுவாள் என்ற அச்சம். அந்த அச்சம் மனத்துக்குள் ஊறுவதற்கான நேரம்தான் இல்லை. மாறாக, ஒரு குடியரசு தன் சுதந்திரத்தைத் தானே கைதட்டிக் கொடுத்துவிடும் அரசியல் கதை மூன்று படங்களிலும் பொறுமையாகவே வளர்கிறது. நெருக்கடிக்கால அதிகாரத்தைப் பால்பட்டீன் பறித்துக்கொள்வதில்லை. செனட் அவையே வாக்களித்துத் தருகிறது. முடிவு தெரியும் என்ற சலிப்போடு பார்த்த என் தலைமுறையினர் பலர் இந்த இழையைக் கவனிக்கவே இல்லை.

முரண்பாடுகளைத் தேடிப் பட்டியல் போடுவது மூன்றாவது தவறு. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு அருகே மாலை வேளைகளில் கூடும் எங்கள் நண்பர் குழுவில் இந்தப் பேச்சு எழாத நாளே இருந்ததில்லை. தன் தாயைப் பற்றிச் சிறிது நினைவிருப்பதாக 1983-ஆம் ஆண்டுப் படத்தில் அனகின், பத்மேயின் மகள் லேயா சொல்கிறாள். 2005-ஆம் ஆண்டுப் படத்திலோ பிரசவத்திலேயே தாய் இறந்துவிடுகிறாள். இது முரண்பாடுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பழைய படங்கள் மட்டும் ஒரே மூச்சில் திட்டமிடப்பட்டவையா? பழைய படங்களின் நாயகன் லூக்கின் தந்தையை வேடர் கொன்றுவிட்டதாக 1977-இல் அவன் குரு ஓபி-வான் சொன்னார்; 1980-இல் வேடரே தந்தையானார்; 1983-இல் 'அது ஒரு கோணத்தில் உண்மை' என்று ஓபி-வான் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாம் படத்துக்கு லீ பிராக்கெட் எழுதிய முதல் வரைவில் தந்தையும் வேடரும் வெவ்வேறு ஆட்களாகவே இருந்தனர். பழைய படத்தின் ஒட்டுகளை மன்னித்துவிட்டுப் புதிய படத்தின் ஒட்டுகளை மட்டும் எண்ணுவது இரட்டை அளவுகோல்.

'எல்லாம் கணினி வரைந்த படம்' என்ற தீர்ப்பும் விசாரணையின்றி வழங்கப்படுவதே. 1999-ஆம் ஆண்டுப் படத்துக்குத் துனீசியப் பாலைவனத்தில் அரங்குகள் அமைத்தனர். அரண்மனைக் காட்சிகளை இத்தாலியின் கசெர்ட்டா அரண்மனையில் எடுத்தனர். பந்தயக் காட்சியின் பார்வையாளர் கூட்டத்துக்குச் சிற்றுரு மைதானத்தில் வண்ணம் பூசிய பஞ்சுக் குச்சிகளை நட்டு வைத்தனர். ஜான் வில்லியம்ஸ் அமைத்த வாள்சண்டை இசையில் ஒலிக்கும் சேர்ந்திசைப் பாடலோ, வெல்ஷ் மொழிப் பழம்பாடல் ஒன்றின் வரிகளைச் சமஸ்கிருதத்தில் பெயர்த்தது.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது நடிகர்கள்மேல் பாய்ந்த கோபம். 1999-ஆம் ஆண்டுப் படத்தின் ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற நகைச்சுவைப் பாத்திரத்துக்கு உடலசைவும் குரலும் தந்த அகமது பெஸ்ட், அந்த வெறுப்பின் காரணமாகத் தற்கொலை வரை எண்ணியதாக 2018-இல் வெளிப்படையாகச் சொன்னார். சிறுவன் அனகினாக நடித்த ஜேக் லாய்டுக்குப் படப்பிடிப்பின்போது வயது எட்டு. பாத்திரத்தை எழுதியவரும் வசனத்தை எழுதியவரும் இயக்கியவரும் வேறு ஒருவராயிருக்க, எழுதிக் கொடுத்ததைப் பேசியவர்மேல் கல்லெறிவது விமர்சனம் ஆகாது. அது வெறும் கொடுமை. ஒரு பாத்திரம் பிடிக்கவில்லை என்றால் எழுத்தைக் குறிப்பிட்டு, காட்சியைக் குறிப்பிட்டு, அது ஏன் பொருந்தவில்லை என்று சொல்வோம்.

என் தலைமுறை மட்டுமே தவறு செய்தது என்றும் சொல்ல மாட்டேன். முன்கதைகளோடு வளர்ந்த இளைஞர்கள் இன்று அவற்றைக் குறையற்றவையாகப் போற்றுகிறார்கள். அனகின், ஓபி-வான் நட்பைப் பற்றி என் மருமகன் உருகிச் சொன்னவற்றில் பெரும்பகுதி திரைப்படங்களிலேயே இல்லை; 2008-இல் தொடங்கி 2020-இல் நிறைவடைந்த தி க்ளோன் வார்ஸ் அனிமேஷன் தொடரில் வருபவை. அவனுக்கு மிகவும் பிடித்த அசோகா என்ற சீடப்பெண் இந்த மூன்று படங்களிலும் எங்கும் தோன்றுவதில்லை. பின்னால் வந்த தொடர் நிரப்பிய பள்ளத்தை முதலிலேயே சமதளமாக இருந்ததாகக் கொள்ளக் கூடாது என்று அவனிடம் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டான்.

எந்த வரிசையில் பார்ப்பது என்பதிலும் கவனம் தேவை. கதையின் கால வரிசைப்படி தொடங்கினால், வேடர் யார் என்ற 1980-ஆம் ஆண்டு அதிர்ச்சி புதிதாகப் பார்ப்பவருக்கு இல்லாமலே போகும். என் மருமகனின் தங்கை இதுவரை ஒரு படமும் பார்த்ததில்லை. பொங்கல் விடுமுறையில் 1977, 1980 படங்களை முதலில் காட்டி, பிறகு மூன்று முன்கதைகளையும் காட்டி, 1983-ஆம் ஆண்டுப் படத்தோடு நிறைவு செய்வதென்று மாமனும் மருமகனும் முடிவு செய்திருக்கிறோம். அவள் தானாக வாய் திறக்கும் வரை இருவரும் ஒரு கருத்தும் சொல்வதில்லை என்றும் பேசி வைத்திருக்கிறோம்.