ஸ்பெயினில் மொழி படிக்கப் போனவர்களுக்கு: பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றுங்கள்

ஸ்பெயினில் வெளியே சாப்பிடுவதாக இருந்தால் வார நாட்களில் மதியம் 'மெனு டெல் தியா' (அன்றைய மதியச் சாப்பாட்டுத் தொகுப்பு) கேட்டு வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, இரவை ரொட்டி, முட்டை, பழம் என்று அறையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, குடிக்க ஏதாவது, கடைசியில் இனிப்போ காபியோ, எல்லாம் சேர்த்து ஒரே விலை, பல ஊர்களில் 12 முதல் 15 யூரோவுக்குள் கிடைக்கும்; இதே உணவுகளை இரவில் தனித்தனியாகச் சொன்னால் பில் எகிறிவிடும். 1960களில் சுற்றுலாப் பயணிகளுக்காக அரசே கொண்டுவந்த ஏற்பாடு இது, இன்று அதை அதிகம் சாப்பிடுவது வேலைக்குப் போகும் உள்ளூர்க்காரர்கள்தான், அதனால் அன்றன்றைக்குச் சமைத்ததைக் குறைந்த விலையில் கொடுத்தே ஆகவேண்டும். அப்புறம், சின்னக் கடைகளில் பரிமாறுகிறவர் பட்டியலை வாயாலேயே கடகடவென்று ஒப்பிப்பார். ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போனால் அதே பெயர்கள் காதில் விழுந்து விழுந்து பழகிவிடும், காசில்லாத கேட்டல் பயிற்சி.

சனி, ஞாயிறில் பல கடைகளில் இது இருக்காது, இருந்தாலும் விலை கூடும். நான்கு மணிக்கு மேல் போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள். சுற்றுலாத்தலச் சதுக்கங்களில் படம் போட்ட பலகை வைத்திருக்கும் கடைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சைவக்காரர்கள் கவனம்: பருப்புக் குழம்பில்கூட பன்றி இறைச்சித் தொத்திறைச்சி மிதக்கும், 'இறைச்சி வேண்டாம்' என்றால் சாலட்டில் சூரை மீனைப் போட்டுத் தருவார்கள், எனவே மீன், ஹாம் (பதப்படுத்திய பன்றித் தொடைக்கறி) இரண்டையும் பெயர் சொல்லியே மறுத்துவிடுங்கள்.