சப்ளை செயின் புரோகிராம் ஆரம்பிக்கிறவங்க திரும்பத் திரும்பப் பண்ற தப்புகள்

இந்த வருஷமும் சென்னையச் சுத்தி இருக்கிற சில காலேஜ்ல இருந்து "சார், சப்ளை செயின் மேனேஜ்மென்ட்ல புதுசா ஒரு புரோகிராம் கொண்டு வரோம், டிராஃப்ட் கொஞ்சம் பாத்துக் குடுங்க"ன்னு அனுப்பியிருந்தாங்க. மூலப்பொருள் வாங்குறதுல இருந்து கஸ்டமர் கையில சேர்ற வரைக்கும் சரக்க நகர்த்துற வேலைதான் சப்ளை செயின். எங்க காலத்துல நடந்த அதே கோளாறுதான், வரிசை கூட மாறல. பல வருஷம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் ஃபேக்டரில மெட்டீரியல் பிளானிங் பாத்துட்டு அப்புறமா பாடம் நடத்த வந்த ஆள் நான், அதனால ரெண்டு பக்கமும் தெரியும், ரெண்டு பக்கமும் ஒருத்தர ஒருத்தர் புரிஞ்சுக்காம நடுவுல பசங்க மாட்டிக்கிறதப் பாத்தா மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

சிஓ-பிஓ மேப்பிங் (ஒவ்வொரு பாடத்தோட நோக்கத்தையும் மொத்த புரோகிராமோட நோக்கத்தோட இணைக்கிற அட்டவணை), கிரெடிட் கணக்கு, லைப்ரரி புக் லிஸ்ட் இதெல்லாம் விட்டுடறேன், அத ஐ.க்யூ.ஏ.சி.ல, அதாவது காலேஜோட தரக் கண்காணிப்புக் குழுவுல, யாராவது கண்டுபிடிச்சு திருத்திடுவாங்க. யாரும் கவனிக்காம ரெண்டு மூணு பேட்ச் வெளிய போன பிறகு தெரிய வர்ற தப்புகள் மட்டும் இங்க.

ஹார்பர மட்டும் வச்சு சிலபஸ் போடுறது

சென்னைல இந்த எண்ணம் வர்றது நியாயம்தான். சென்னை துறைமுகம், எண்ணூர்ல காமராஜர் துறைமுகம், அதுக்குப் பக்கத்துலயே காட்டுப்பள்ளின்னு மூணும் இங்கயே இருக்கு, இந்திய கடல்சார் பல்கலைக்கழகம் இங்க, லாஜிஸ்டிக்ஸ் செக்டர் ஸ்கில் கவுன்சிலும் இங்கதான். பாரிமுனை, ராஜாஜி சாலை பக்கம் ஃபார்வர்டிங் ஆபீஸ், மாதவரம் மணலி பக்கம் சி.எஃப்.எஸ். யார்டு (துறைமுகத்துக்கு வெளிய கன்டெய்னர் சரக்க ஏத்தி எறக்குற இடம்), வேலையும் இருக்கு. அதனால பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்கான கஸ்டம்ஸ் பேப்பர்), ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கானது), இன்கோடெர்ம்ஸ் (செலவும் ரிஸ்க்கும் எங்க வரைக்கும் யாரோடதுன்னு சொல்ற சர்வதேச வியாபார விதிகள்)னு பாதி சிலபஸ் அதுலயே போயிடுது. ஆனா ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், மறைமலை நகர் பக்கம் இருக்கிற ஃபேக்டரிங்களுக்கு வேண்டியது பிளானர், பையர், ஸ்டோர்ஸ் பாக்கத் தெரிஞ்ச ஆளு. கார் சீட்டயே எடுத்துக்கோங்க, லைன்ல அடுத்து எந்த மாடல், எந்தக் கலர் வண்டி வருதோ அதே வரிசையில சீட்ட லாரில ஏத்தி, அதே வரிசையில எறக்கணும், ஒரு செட் மாறிப் போனாலும் லைன் நிக்கும். இதுக்கான பாடம் இன்கோடெர்ம்ஸ்ல இல்ல. பி.பி.ஏ. முடிச்சு டாக்குமென்டேஷன் வேலைக்குப் போற பையனுக்கா, எம்.பி.ஏ. முடிச்சு பிளானிங் டீமுக்குப் போற பொண்ணுக்கா, யாருக்காக இந்த கோர்ஸ்னு மொதல்ல ஒரு பக்கம் எழுதுங்க. பேப்பர் பேரெல்லாம் அதுக்கப்புறம்.

சாஃப்ட்வேர் லேப்ல காச கொட்டிட்டு அப்புறமா பாடத்த யோசிக்கிறது

மத்ததெல்லாம் போகட்டும், இது ஒண்ணு மட்டும் இன்னிக்கும் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

எனக்குத் தெரிஞ்ச ஒரு காலேஜ்ல புரோகிராம் அப்ரூவ் ஆன உடனே பண்ணின மொத செலவு என்ன தெரியுமா, ஏ.சி. போட்ட லேப், வரிசையா புது சிஸ்டம், பெரிய கம்பெனி ஈ.ஆர்.பி. (வாங்குறது, விக்கிறது, ஸ்டாக், கணக்கு எல்லாத்தையும் ஒண்ணா பாக்கிற சாஃப்ட்வேர்) லைசென்ஸ், வாசல்ல போர்டு. அரிசி வாங்காம குக்கர் வாங்கின கதைதான். வென்டர் ஆளு வந்து ரெண்டு ஸ்டாஃபுக்கு ட்ரெயினிங் குடுத்துட்டுப் போனாரு, அதுல ஒருத்தர் அடுத்த வருஷமே நல்ல சம்பளத்துக்கு வேற இடம் போயிட்டாரு, இன்னொருத்தங்க மெட்டர்னிட்டி லீவ்ல போயிட்டாங்க, லேப் ஹவர்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் டிபார்ட்மென்ட்ல இருந்து ஒருத்தர் வந்து மேனுவல்ல இருக்கிற ஸ்டெப்ப ஒண்ணொண்ணா வாசிக்க, பசங்க கிளிக் பண்ணிக்கிட்டே போவாங்க. ரினிவல் பணம் கட்ட வேண்டிய நேரம் வந்தப்போ மேனேஜ்மென்ட் முடியாதுன்னுட்டாங்க. லேப் பூட்டியாச்சு. அந்தக் காசுல டேட்டா தெரிஞ்ச ஒரு நல்ல வாத்தியாருக்கு சில வருஷம் சம்பளம் குடுத்திருக்கலாம்.

காசு போனது கூட ரெண்டாவது விஷயம். அந்த சாஃப்ட்வேரோட வர்ற டெமோ கம்பெனி டேட்டா இருக்கு பாருங்க, அதுதான் பசங்கள ஏமாத்துது. அதுல ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஒரே ஒரு கோடு, ஸ்டாக் மைனஸ்ல போகாது, சப்ளையர் சொன்ன தேதிக்கு டாண்ணு சரக்கு வந்துடும். அப்படி ஒரு கம்பெனி அம்பத்தூர்லயும் கிடையாது, ஒரகடத்துலயும் கிடையாது. அங்க படிச்ச ஒரு பையன் இன்டர்வியூல பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) எப்படிப் போடுறது, எந்த ஸ்கிரீன்ல ஜி.ஆர்.என். (சரக்கு வந்து சேந்ததுக்கான ரசீது) வரும்னு கடகடன்னு சொல்லியிருக்கான், "சரி தம்பி, 500 பீஸுக்கு ஏன் போடுற, ஏன் 300க்குப் போடல"ன்னு கேட்டிருக்காங்க, அவ்வளவுதான், நின்னுட்டான். மேனுவல்ல 500ன்னு இருந்துச்சு, அதத் தவிர அவனுக்கு வேற காரணம் தெரியாது. அவன் மேல தப்பே இல்ல.

இதுக்கு பதிலா எங்க ஆரம்பிக்கணும்னு சொல்றேன். ஜி.பி. ரோட்டுல டூ வீலர் ஸ்பேர்ஸ் மொத்த வியாபாரம் பண்றவர் ஒருத்தர், டேலில இருந்து ரெண்டு வருஷ ஸ்டாக் கணக்க எக்செல்ல எடுத்துக் குடுத்தாரு. அத அப்படியே, ஒரு செல்லயும் சரி பண்ணாம, வகுப்புல தொறந்து வச்சேன். பிரேக் ஷூ ஒரே ஐட்டம்தான், ஆனா "பிரேக் ஷூ", "பி.ஷூ", "பிரேக்சூ செட்"னு மூணு பேர்ல மூணு ஸ்டாக் ஓடுது. ஒரு இடத்துல ஸ்டாக் மைனஸ் 14, ஏன்னா சரக்கு வந்து எறங்கின உடனே பில் போட்டு அனுப்பிட்டாங்க, இன்வர்ட் என்ட்ரி சாயந்திரம்தான் போட்டிருக்காங்க. ரிட்டர்ன் வந்ததுல பாதிய சேல்ஸ்லயே கழிச்சிருக்கு, மீதிக்கு தனி வவுச்சர். சில வரில தேதி முன்ன இருக்கு, சில வரில மாசம் முன்ன இருக்கு, ஏப்ரல் 3ஆ மார்ச் 4ஆன்னு பில் நம்பர வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். பசங்களுக்கு இத சரி பண்ணவே ரெண்டு வாரம் ஆச்சு, அந்த ரெண்டு வாரத்துல கத்துக்கிட்டத எந்த லேப் மேனுவலும் குடுக்காது.

அதுல கிளட்ச் கேபிள்னு ஒரு ஐட்டம், வாரத்துக்கு 40 போல போயிட்டு இருக்கு, திடீர்னு மூணு வாரம் சைபர். "டிமாண்ட் இல்ல சார்"னு எழுதிட்டாங்க. சரி, ஓனரயே கேட்டுடுங்கன்னு ஃபோன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சோம். "ஏம்மா, டிமாண்டுக்கு என்னம்மா குறைச்சல், கம்பெனில இருந்து சரக்கே வரல, கேட்டு வந்தவங்கள எல்லாம் எதிர்க்கடைக்கு அனுப்பினேன்"னாரு. வகுப்பு அப்படியே அமைதியாயிடுச்சு. வித்தது வேற, கேட்டது வேற. எட்டு வாரத்துல அஞ்சு வாரம் 40ன்னு மொத்தம் 200, அத எட்டால வகுத்தா 25. நிஜமான தேவை 40. இந்த 25அ வச்சு அடுத்த ஆர்டர் போட்டா மறுபடி சரக்கு தீரும், மறுபடி சைபர் விழும், சராசரி இன்னும் எறங்கும். எவ்வளவு காஸ்ட்லியான சாஃப்ட்வேரா இருந்தாலும், சரக்கு இல்லாத நாள் எது எதுன்னு நீங்க தனியா குறிச்சுக் குடுக்கலன்னா இதே தப்பத்தான் இன்னும் வேகமா பண்ணும்.

"கம்பெனிங்க டேட்டா தர மாட்டாங்க"ன்னு எல்லாரும் சொல்றாங்க. கேக்கிற விதம் இருக்கு. கஸ்டமர் பேர எடுத்துடுங்க, விலைய எடுத்துடுங்க, எல்லா குவான்டிட்டியையும் அவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரே எண்ணால பெருக்கிக் குடுங்கன்னு சொல்லுங்க, வியாபாரத்தோட அளவு வெளிய தெரியாது, ஏத்த எறக்கம் மட்டும் அப்படியே இருக்கும், நமக்கு அதுதான வேணும். ஐட்டம் பேரயும் தேதியையும் மட்டும் தொடக் கூடாதுன்னு கேளுங்க. ரெண்டு வருஷம் கேளுங்க, அப்பதான் ரெண்டு தீபாவளி உள்ள வரும். மொத வருஷத்துக்கு எக்செல், அதுல இருக்கிற சால்வர், கொஞ்சம் பைத்தான் போதும். ஈ.ஆர்.பி. ஸ்கிரீன் காட்டியே ஆகணும்னா ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட், ஓடூ கம்யூனிட்டி எடிஷன் ரெண்டும் லைசென்ஸ் காசில்லாம கிடைக்குது, ஜி.பி. ரோடு டேட்டாவையே அதுல ஏத்தச் சொல்லுங்க. பெரிய லைசென்ஸ ரெண்டாவது பேட்ச் வெளிய போன பிறகு யோசிக்கலாம்.

எம்.ஓ.யூ. எண்ணிக்கை

கம்பெனிங்களோட போடுற புரிந்துணர்வு ஒப்பந்தம் இருவது வேண்டாம், டேட்டா தர்ற ரெண்டு கம்பெனி போதும்.

ஸ்டாடிஸ்டிக்ஸ் கஷ்டம்னு வெட்டுறது

அட்மிஷன் கொறையும்னு பயந்து கணக்க எடுத்துடறாங்க. அப்புறம் சேஃப்டி ஸ்டாக்க (எதிர்பாராம லேட்டானா சமாளிக்க எடுத்து வைக்கிற கூடுதல் சரக்கு) ஃபார்முலாவா மனப்பாடம் பண்ண வேண்டியதுதான். ரெண்டு சப்ளையர், ரெண்டு பேருக்கும் சராசரி லீட் டைம் (ஆர்டர் போட்டு சரக்கு வந்து சேர ஆகுற நேரம்) 10 நாள், ஒருத்தர் 9ல இருந்து 11 நாளுக்குள்ள வந்துடுவாரு, இன்னொருத்தர் 4 நாள்லயும் வருவாரு 18 நாள்லயும் வருவாரு. ஒரு நாளைக்கு 50 பீஸ் ஓடுதுன்னா மொதல் ஆளுக்கு 550 கையில இருந்தா தப்பிச்சிடலாம், ரெண்டாவது ஆளுக்கு 900 வேணும். சராசரி ஒண்ணுதான், கட்டி வைக்க வேண்டிய பணம் வேற. சராசரில இருந்து எவ்வளவு விலகுதுன்னு சொல்ற ஸ்டாண்டர்ட் டீவியேஷன்னா என்னன்னு உள்ளுக்குள்ள எறங்காத பையன், ரேட் கம்மின்னு ரெண்டாவது ஆளுக்கே ஆர்டர் குடுப்பான்.

பியர் கேம ஓரியன்டேஷன்ல விளையாட விட்டுட்டு மறந்துடறது

அமெரிக்காவுல இருக்கிற எம்.ஐ.டி.ல 1960கள்ல உருவான விளையாட்டு, ரீடெயிலர், ஹோல்சேலர், டிஸ்ட்ரிப்யூட்டர், ஃபேக்டரின்னு நாலு பேர் உக்காந்து ஆர்டர் போடணும். ஒரு மணி நேரத்துல ஃபேக்டரி ஆளு கதறுவான், ஸ்டாக் ஒரு வாரம் மலையா குவியும், ஒரு வாரம் காலியாகும். எல்லாரும் கஸ்டமரத்தான் திட்டுவாங்க. ஆனா வழக்கமா ஆடுற முறைல கஸ்டமர் ஆர்டர் ஒரே ஒரு தடவதான் மாறும், 4ல இருந்து 8, அப்புறம் கடைசி வரைக்கும் 8தான். இத போர்டுல எழுதிக் காட்டுற அந்த நிமிஷம்தான் பாடம், புல்விப் எஃபெக்ட்னு (கடைல வர்ற சின்ன மாற்றம் ஃபேக்டரிக்குப் போறதுக்குள்ள பெரிய ஆட்டமா ஆகுறது) புஸ்தகத்துல இருக்கிறது தாங்களே உண்டாக்கினதுன்னு அவங்களுக்கு அப்பதான் புரியும். நேரமாச்சு லஞ்சுக்குப் போங்கன்னு அந்தப் பேச்ச வெட்டிடறாங்க. விளையாட ஒன்றரை மணி நேரம்னா பேச இன்னொரு ஒன்றரை மணி நேரம் டைம்டேபிள்லயே போட்டு வைங்க.

மாறிப் போன சட்டத்த யூனிட்ல எழுதி வைக்கிறது

இந்த வருஷம் பாத்த ஒரு டிராஃப்ட்ல சி ஃபார்ம் (வேற மாநில விற்பனைக்கான பழைய வரிப் படிவம்), எஃப் ஃபார்ம் (ஸ்டாக் டிரான்ஸ்ஃபருக்கானது) இன்னும் யூனிட் மூணுல இருக்கு! 2017 ஜூலை 1 ஜி.எஸ்.டி. வர்றதுக்கு முன்னாடி வேற மாநிலத்துக்கு வித்தா சி.எஸ்.டி. (மத்திய விற்பனை வரி), சொந்த கோடவுனுக்கு ஸ்டாக் டிரான்ஸ்ஃபர் பண்ணா அது இல்ல, அதனால கம்பெனிங்க மாநிலத்துக்கு ஒரு கோடவுன் வச்சிருந்தாங்க. தூரமோ டிமாண்டோ பாத்து வச்ச கோடவுன் இல்ல, வரிக்காக வச்சது. ஜி.எஸ்.டி.க்கு அப்புறம் அதையெல்லாம் சேத்து பெரிய வேர்ஹவுஸ் ஆக்கினாங்க. இத வரலாறா சொல்லிக் குடுத்தா அருமையான பாடம், நடப்பு சட்டமா சொல்லிக் குடுத்தா பையனுக்கு மானம் போகும். போர்டு ஆஃப் ஸ்டடீஸ், அகாடமிக் கவுன்சில் எல்லாம் தாண்டி ஒரு வரி மாத்த எத்தன மாசம் ஆகும்னு உங்களுக்கே தெரியும், அதனால யூனிட் தலைப்ப "வரியும் வேர்ஹவுஸ் அமைப்பும்"னு அகலமா வைங்க, இ-வே பில் (சரக்கு கொண்டு போகும்போது வேண்டிய ஆன்லைன் பில்) மாதிரி விவரங்கள லெசன் பிளான்ல வைங்க. இன்னொண்ணு, 2024-25ல இருந்து பி.பி.ஏ.வும் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) அப்ரூவலுக்குள்ள வந்துடுச்சு, காலேஜ்ல ஆரம்பிக்கிறவங்க அத விட்டுடாதீங்க.

இண்டஸ்ட்ரியல் விசிட்

கேட்டு முன்னாடி குரூப் ஃபோட்டோ எடுத்துட்டு வர்றதுக்கு பஸ் வாடகை தண்டம். ஒரு கன்டெய்னரோட பேப்பர மட்டும் கையில வாங்கி ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் பாக்க வைங்க, டெமரேஜ் (துறைமுகத்துல சரக்கு கூடுதல் நாள் கெடந்தா கட்டுற காசு) எங்க ஏறுது, டிடென்ஷன் (கன்டெய்னர லேட்டா திருப்பிக் குடுத்தா கட்டுற காசு) எங்க ஏறுதுன்னு அவங்களே கணக்கு போடட்டும்.

இன்டர்ன்ஷிப்ப மே மாசத்துக்குன்னே ஒதுக்குறது

செமஸ்டர் லீவு மே மாசம், அதனால இன்டர்ன்ஷிப்பும் மே மாசம். ரீடெயில், எஃப்.எம்.சி.ஜி. (சோப்பு, பிஸ்கட் மாதிரி அன்றாடப் பொருள்) வேர்ஹவுஸ்ல உயிர் போற நேரம் தீபாவளிக்கு முந்தின வாரங்கள், அப்ப பசங்க இன்டர்னல் டெஸ்ட் எழுதிட்டு இருப்பாங்க. டாக்ல லாரி வரிசை கட்டி நிக்கும்போது எத மொதல்ல எறக்கணும்னு சூப்பர்வைசர் முடிவு எடுக்கிறத அங்க நின்னு பாக்கணும். மழையும் அப்படித்தான், 2015 டிசம்பர் வெள்ளத்துலயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் இந்த ஊர்ல சரக்கு நின்னு போச்சு, ரிஸ்க் மேனேஜ்மென்ட்ட வெயில் காலத்துல பிபிடில பாத்தா ஒட்டாது. மூணாவது செமஸ்டர செப்டம்பர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் களத்துல இருக்கிற மாதிரி அமைங்க, கிளாஸ மே மாசத்துக்குத் தள்ளுங்க. கன்ட்ரோலர் ஆபீஸ்ல சண்டை போட வேண்டியிருக்கும், போடுங்க.

கம்பெனி ஆளுக்கு சனிக்கிழமை மதியம் குடுக்கிறது

கம்பெனில வேலை பாக்கிறவர சனிக்கிழமை மதியம் ஒரு லெக்சருக்குக் கூப்பிட்டதோட விட்டுடறாங்க. யூ.ஜி.சி. 2022லயே புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்னு, தொழில் அனுபவத்த வச்சே வாத்தியாரா போட, வழி திறந்து விட்டாச்சு, குறைஞ்சது 15 வருஷ அனுபவம் இருக்கணும், மொத்த பணியிடத்துல 10 சதவீதம் வரைக்கும் போடலாம். அப்படி வர்றவர தனியா விடாதீங்க, ரெகுலர் ஸ்டாஃப் ஒருத்தர் கூடவே உக்காரணும், அவர் சொல்ற கதைல இருந்து கணக்க உருவி எடுக்க ஒரு ஆள் வேணும்.

வெளிநாட்டு கேஸ் மட்டுமே நடத்துறது

கோயம்பேடு இருக்கு. கொத்தவால்சாவடில இருந்து 1996ல அங்க மாத்தினாங்க, 2020 மே மாசம் கொரோனா பரவினதும் மூடி, திருமழிசைக்குக் கொண்டு போனாங்க, செப்டம்பர்ல திரும்ப வந்துச்சு. ஊருக்கு வெளிய போனதால யாருக்கு வண்டி வாடகை ஏறுச்சு, மழை பெஞ்சப்போ திறந்த வெளில காய் என்ன ஆச்சு, சில்லறை கடைக்காரர் எத்தன மணிக்கு கெளம்ப வேண்டியிருந்துச்சுன்னு விசாரிக்க பசங்க பாதி பேருக்கு பக்கத்துத் தெரு காய்கறிக் கடையே போதும். லொகேஷன் பிளானிங், கெட்டுப் போற சரக்கு, கடைசி மைல் மூணும் ஒரே கேஸ்ல வந்துடும்.

பிளேஸ்மென்ட் ஆபீசர கடைசி செமஸ்டர்ல கூப்பிடுறது

மொத சிலபஸ் மீட்டிங்லயே கூப்பிடுங்க, போன வருஷம் எந்தக் கேள்வில பசங்க விழுந்தாங்கன்னு லிஸ்ட்டோட வரச் சொல்லுங்க.