சிறிய தொண்டு அமைப்புகளின் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நன்கொடை வாங்குவது, ரசீது போடுவது, வங்கியில் கட்டுவது, கணக்கு எழுதுவது என எல்லாவற்றையும் பொருளாளர் ஒருவரே செய்வது சிறிய அமைப்புகளில் சகஜம். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் தான் எழுதிய பிழை தன் கண்ணில் படுவது கடினம். நாளை யாராவது சந்தேகம் கிளப்பினால், அவர் பக்கம் பேச இன்னொரு சாட்சியும் இருக்காது. ஆள் பற்றாக்குறை என்றால் ஒரு வேலையை மட்டுமாவது பிரித்துக் கொடுங்கள்: வங்கி அறிக்கையை முதலில் பார்ப்பவர், கணக்கு எழுதாத நிர்வாகக் குழு உறுப்பினராக இருக்கட்டும்.

அந்த அறிக்கையை மாதாமாதம் ரொக்கப் புத்தகத்தோடு, அதாவது வரவு செலவை நீங்கள் எழுதிவரும் புத்தகத்தோடு, ஒப்பிட வேண்டும். அறிக்கையில் இருப்பு 84,300, புத்தகத்தில் 77,400 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கொடுத்து, இன்னும் வங்கிக்கு வராத காசோலை 6,000. அதைக் கழித்தால் 78,300. இன்னும் 900 இடிக்கிறது. வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கேயாவது இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். 5,400 வரவு 4,500 என்று பதிவாகியிருக்கலாம். தேட அலுத்துப்போய் 'இதர வரவு 900' என்று எழுதி நேர் செய்வதுதான் மோசமான தவறு. அந்த 900, ஒன்றையொன்று ஓரளவு மறைக்கும் இரண்டு பெரிய பிழைகளின் மிச்சமாகவும் இருக்கலாம்.

இதைவிட அதிகம் வலிக்கச் செய்வது, வங்கி இருப்பு முழுவதையும் செலவழிக்கக்கூடிய பணமாக நினைப்பது. சரிபார்த்த 78,300-இல் 60,000 பிள்ளைகளின் புத்தகங்களுக்கென்றே ஒருவர் தந்தது என்றால், வாடகைக்கும் சம்பளத்துக்கும் கையில் இருப்பது 18,300 மட்டுமே. 'பிறகு போட்டுவிடலாம்' என்று அந்த 60,000-இலிருந்து எடுத்த பணம் திரும்பி வராவிட்டால், கொடுத்தவரின் நம்பிக்கையும் போய்விடும். தனி வங்கிக் கணக்கு எப்போதும் தேவைப்படாது. புத்தகத்தில் ஒவ்வொரு குறிப்பிட்ட நோக்க நிதிக்கும் தனி நெடுவரிசை போட்டாலே போதும். குழுக் கூட்டத்தில் மொத்த இருப்பை மட்டும் வாசிக்காமல், அதில் கட்டுப்பட்ட தொகை எவ்வளவு, கட்ட வேண்டிய பில்கள் எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சில்லறை ரொக்கத்துக்கு ஒரு நிலையான தொகை வையுங்கள். அது 5,000 என்றால், எந்த நேரத்தில் பெட்டியைத் திறந்தாலும் பணமும் வவுச்சர்களும் (செலவுச் சீட்டுகளும்) சேர்ந்து 5,000 வர வேண்டும். மீண்டும் நிரப்பும்போது வவுச்சர் தொகைக்கு மட்டுமே காசோலை.

இரண்டு கையெழுத்து விதி வைத்துவிட்டு, ஊருக்குப் போகும் ஒருவரிடம் வெற்றுக் காசோலைகளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்தால், அந்த விதி இருந்தும் பயனில்லை. தன் செலவுக்குத் தானே ஒப்புதல் தருவதும் அப்படித்தான். தலைவரின் பயணச் செலவுக்கும் வேறொருவர்தான் கையெழுத்திட வேண்டும்.

ரசீதுப் புத்தகத்தில் தப்பாக எழுதிய தாளைக் கிழித்துப் போடாதீர்கள். 117-க்கு அடுத்து 119 இருந்தால், 118-இல் வாங்கிய பணம் எங்கே என்றுதான் தணிக்கையாளர் கேட்பார். 'ரத்து' என்று குறுக்கே எழுதி, மூலத்தையும் நகலையும் சேர்த்து அதே இடத்தில் பின் அடித்து வையுங்கள்.