நாய் வாந்தி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாந்தி எடுத்த நாயைத் தூக்கிக்கொண்டு புதிதாக நாய் வளர்ப்பவர்கள் என் கால்நடை மருத்துவமனைக்கு வரும்போது, நாயைத் தொடும் முன்பே நான் கேட்பது "வீட்டில் என்ன கொடுத்தீர்கள்?" என்பதுதான். சாக்லேட் ஆகாது, கெட்டுப்போன உணவு ஆகாது என்பதெல்லாம் பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

மீதமிருந்த மாத்திரையைக் கொடுத்தல்

முன்பு எப்போதோ எழுதித் தந்த வாந்தி மாத்திரையில் மீதி இருக்கும், அல்லது வீட்டிலுள்ளவர்களுக்கு வாங்கியது இருக்கும். அதில் பாதியை உடைத்துக் கொடுத்ததும் வாந்தி நின்றுவிடுகிறது; வாந்தி நின்றதால் நோயே தீர்ந்ததென்று நிம்மதியடைந்துவிடுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் குறையாத இந்தத் தவறுதான் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

குடல் அடைப்பு, கணைய அழற்சி, சிறுநீரகச் செயலிழப்பு, பெண் நாயின் கருப்பையில் சீழ் பிடித்தல் என ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல நோய்களுக்கு வாந்தி ஓர் அறிகுறி. ஒண்டான்செட்ரான் போன்ற மருந்து உமட்டலைத் தூண்டும் சமிக்ஞையைத் தடுக்குமே தவிர, குடலில் சிக்கிய பொருளை அசைக்காது. மற்றொரு வாந்தி மருந்தான மெட்டோகுளோபிரமைடு இன்னும் ஆபத்தானது: அது இரைப்பையையும் சிறுகுடலின் மேற்பகுதியையும் வேகமாக இயங்க வைப்பதால், முன்னே வழியில்லாத குடலில் அழுத்தம் கூடி அது கிழிந்துவிடவும் கூடும்.

காலுறையை விழுங்கிய ஒரு லாப்ரடாருக்கு அதன் உரிமையாளர் காலையும் மாலையும் மாத்திரை கொடுத்துக்கொண்டே மூன்று நாள் காத்திருந்தார். நாய் உண்ணவில்லை, மலம் கழிக்கவில்லை, முதுகை வளைத்துக்கொண்டு மூலையில் நின்றது. ஆனால் வாந்தி இல்லை என்ற ஒரே காரணத்தால் இவை எதையும் அவர் பொருட்படுத்தவில்லை. வயிற்றைத் திறந்தபோது குடலின் ஒரு பகுதி கறுத்து அழுகியிருந்தது. முதல் நாளே வந்திருந்தால் காலுறையை மட்டும் எடுத்துவிட்டிருக்கலாம். அன்று குடலையே வெட்டி இணைக்க வேண்டியதாயிற்று. நாய் பிழைத்துக்கொண்டது, செலவுதான் பல மடங்கானது. வீட்டில் காலுறை ஏதேனும் காணவில்லையா என்று கேட்டேன். இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

வலி மாத்திரை கொடுத்தல்

ஐபுப்ரோஃபென் நாயின் இரைப்பையில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். கொடுக்கவே கூடாது.

உப்புக் கரைசலால் வாந்தியை வரவழைத்தல்

நாய் நஞ்சைத் தின்றுவிட்டதென்ற பயத்தில் உப்பு நீரைப் புகட்டுகிறவர்கள், இரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரும் நிலைக்கு அதைத் தள்ளிவிடுகிறார்கள். விழுங்கியது அமிலமோ பெட்ரோலிய எண்ணெயோ என்றால், மேலே வரும்போது அது உணவுக்குழாயை மறுபடியும் புண்ணாக்கும், அல்லது நுரையீரலுக்குள் போய் அதைப் புண்ணாக்கும். தின்ற பொருளின் உறையோடு உடனே புறப்படுவதே சரி.

நாக்கின் அடியில் தெரியும் நூலை இழுத்தல்

இழுக்காதீர்கள், மறுமுனை குடலை அறுத்துவிடும்.

வெற்று ஓங்கரிப்பைச் சாதாரண வாந்தி என நினைத்தல்

வயிறு உப்பியிருக்க, நாய் திரும்பத் திரும்ப ஓங்கரித்தும் எதுவும் வெளிவராவிட்டால், இரைப்பை காற்றால் வீங்கி முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆழ்ந்த மார்புள்ள பெரிய இனங்களில் இது அதிகம். நள்ளிரவானாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

வாந்தியைப் படம் எடுக்காமல் கழுவிவிடுதல்

காப்பித்தூள் போன்ற நிறம் செரித்த இரத்தத்தைக் காட்டும். வயிறு இழுத்துக் குலுங்காமல் உணவு அப்படியே வெளியே வந்தால் அது வாந்தியன்று, எதுக்களிப்பு; அதற்கான சோதனைகளே வேறு. சொற்களால் விவரிப்பதைவிட ஒரு சிறு காணொளி மேல்.

குட்டியைப் பட்டினி போடுதல்

மற்றபடி சுறுசுறுப்பாக இருக்கும் வளர்ந்த நாய்க்கு 6 முதல் 12 மணி நேரம் உணவை நிறுத்துவதுண்டு. குட்டிக்கும், மிகச் சிறிய இன நாய்க்கும், நீரிழிவுள்ள நாய்க்கும் வீட்டில் அதைச் செய்யக் கூடாது, ஏனெனில் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடலாம். தண்ணீரையும் கிண்ணம் நிறைய வைத்தால் ஒரே மூச்சில் குடித்துக் கக்கிவிடும் என்பதால், சிறிது சிறிதாக அடிக்கடி கொடுக்க வேண்டும். தடுப்பூசிகள் முடியாத குட்டி வாந்தியோடு இரத்தமாகவும் கழிந்தால், பார்வோ என்ற வைரஸ் தொற்றாக இருக்கக்கூடும் என்று கருதி அப்போதே அழைத்து வாருங்கள். உள்ளே காத்திருக்கும் மற்றக் குட்டிகளுக்கும் அது பரவும் என்பதால், வாசலிலேயே நின்று தகவல் சொல்லுங்கள்.